நீலம் இடது காதுக்கு

கதவைச் சாத்தியதும் முதலில் காணாமல் போனது ஆஸ்பத்திரி. டோக்கன் கூப்பிடுகிற ஆள், தொண்டையில் மீன்முள் சிக்கி அழுகிற குழந்தை, வராந்தாவில் கிறீச்சிட்டுக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சர் சக்கரம், எல்லாமே ஒரு மூச்சில் இல்லையென்று ஆகிவிட்டன. மிஞ்சியது சம்பூர்ணம்தான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் யாருக்கு எவ்வளவு காது கேட்கிறது என்று அளந்து எழுதுகிற வேலை அவளுக்கு, இருபத்து நாலு வருஷமாக. இந்தக் கதவை ஊரார்மேல் எத்தனை ஆயிரம் முறை சாத்தியிருப்பாளோ. அவள்மேல் சாத்தப்பட்டது இன்றைக்குத்தான். நாலு எட்டு வைத்தால் முடிந்துபோகிற அறை. சுவரெல்லாம் சாம்பல் நிற ஸ்பாஞ்ச். ஒரே ஒரு நாற்காலி, அதையும் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருக்கும், உட்கார்ந்திருப்பவர் வெளியே மெஷினை இயக்குகிற கையைப் பார்த்துவிடக் கூடாதென்று. எதிர்ச் சுவரில் ஓடாத கடிகாரம். ஓய்வுபெற்றுப் போன ஒரு டாக்டர் ஆசையாக மாட்டிவிட்டுப் போனது. சத்தமே இருக்கக் கூடாத அறையில் கடிகாரம் மாட்டுகிற புத்தியை என்னவென்று சொல்ல. டிக் டிக்கென்று அது அடித்ததில் இரண்டு நாள் வேலை பாழாகி, சம்பூர்ணமே ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றினாள். அன்றிலிருந்து அங்கே மணி பத்து இருபது. கதவைச் சாத்துவதற்குமுன் அஸ்மா ஹெட்ஃபோனை மாட்டிவிட்டபோது, சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று சரிபார்த்து, பொத்தானைக் கையில் கொடுத்து, எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னாள். "சத்தம் கேட்டா அமுக்குங்கக்கா. கேக்கலைன்னா சும்மா இருங்க. இதுல பாஸ், ஃபெயில் கிடையாது." அது சம்பூர்ணத்தின் வாசகம். ஆறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்ததில் அஸ்மாவுக்கும் ஒட்டிக்கொண்டது. தன் வார்த்தையே தன்னிடம் திரும்பி வந்தபோது சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

வலது காதில் முதல் சத்தம் விழுந்தது. நொடிக்கு ஆயிரம் அதிர்வு, அதனால் ஆயிரம் என்று அதற்குப் பேர், நடுத்தரமான, நல்ல பிள்ளையான சத்தம். கட்டைவிரல் தானாக அமுக்கியது. அமுக்கினால் சத்தம் குறையும், மறுபடி அமுக்கினால் இன்னும் குறையும், கேட்காமல் போனதும் கொஞ்சம் ஏற்றுவார்கள், ஏணியில் இரண்டு படி இறங்கி ஒரு படி ஏறுகிற மாதிரி. படி எது என்று அவளுக்கு மனப்பாடம். ஆயிரம் முடிந்தால் இரண்டாயிரம், அப்புறம் நாலாயிரம். நாலாயிரத்தை நினைத்ததும் நாக்கு வறண்டது, சரி, அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இது வலது காதுதானே, வலது காதில் என்ன பயம். உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. இப்படியே தூங்கிவிடலாம் போல இருந்தது. போன மாசம் பழனியாண்டி என்று ஒருவர் வந்தார், பள்ளிபாளையத்தில் முப்பத்தாறு வருஷம் தறி ஓட்டியவர், இந்த நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் தலை தொங்கிப்போய்விட்டது. கதவைத் திறந்து தோளைத் தட்டினால், இப்படி ஒரு இடம் இருக்குன்னு தெரியாமப் போச்சுங்களே என்று கும்பிட்டார். அந்த மனுஷனைத் தூங்க விட்டிருக்கலாம். வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள், எழுப்பிவிட்டாள். தறிக்காரர்களின் காதைப் பற்றி டாக்டர் நவநீதன் இரண்டு வருஷமாகச் செய்கிற ஆராய்ச்சி இது. விசைத்தறி ஓட்டுகிறவர்களை அளந்து முடித்தாயிற்று. இனி தறிச் சத்தமே படாத ஆட்களை அளந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆளுக்கு எங்கே ஊரெல்லாம் அலைவது, நம் ஆட்களே இருக்கிறார்களே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டியலில் முதல் பேர் சம்பூர்ணம், வயசு ஐம்பத்தொன்று, வேலை அமைதியான அறையில். ஒரு வாரமாக நழுவிப் பார்த்தாள். ஜலதோஷம் என்றாள், காது அடைத்திருக்கிறது என்றாள், இன்று அதுவும் பலிக்கவில்லை.

வலது காதில் நாலாயிரம் வந்தது. ஊசி நுனி மாதிரி மெல்லிசாக, சுத்தமாக. அடடா, இவ்வளவு அழகா இது என்று இருந்தது அவளுக்கு. குக்கர் விசிலின் கடைசி இழை, அணில் கூப்பிடுகிற சத்தம், பேச்சில் 'ஸ்' என்று வழுக்கிக்கொண்டு போகிறதே அது, எல்லாம் இந்தப் பக்கத்துச் சரக்கு. தறி மனுஷனிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஒரே நாளில் எடுக்காது, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக, பறிகொடுத்தவனுக்கே தெரியாமல் எடுக்கும். தை மாசம் டாக்டர் அளவுத் தாள்களை மேஜை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். ஐப்பசிக்கு அப்புறம் வந்த அறுபத்து மூன்று பேரில் முக்கால்வாசிப் பேருக்கு இடது காதுதான் அதிகமாகக் கெட்டிருந்தது. சத்தம் இரண்டு காதுக்கும் பொதுதானே, இடது காதுமேல் மட்டும் அதற்கு என்ன கோபம் என்று டாக்டரே கேட்டு, டாக்டரே பதிலும் சொன்னார். கொட்டகைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அறுந்த இழைக்கு முடிபோடக் குனிந்தால், இடது காதுக்கும் பக்கத்துத் தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா வந்து அடிக்கிற பெட்டிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. தறியை நாலடி தள்ளிப் போட்டாலே பாதிக் காது பிழைக்குமே சம்பூர்ணம், இதை எழுதி அனுப்பினால் யாராவது செய்வார்களே என்று அவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். அவளும் தலையாட்டினாள். அவர் நின்றது அவளுக்கு இடது பக்கம். பாதிப் பேச்சை அவர் உதட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டாள்.

உதட்டிலிருந்து எடுப்பது அவளுக்கு யாரும் இன்று சொல்லிக்கொடுத்ததல்ல. பதினேழு வயசிலிருந்து இருபது வரைக்கும் குமாரபாளையத்தில் நாற்பது தறிக் கொட்டகை ஒன்றில் இரண்டு தறி அவள் கையில் ஓடியது. அங்கே வாயால் பேசினால் யாருக்குக் கேட்கும். உதட்டை அசைப்பார்கள், கண்ணைக் காட்டுவார்கள், விரலால் நூல் நம்பர் சொல்வார்கள். கல்யாணப் பேச்சு, சண்டை, அழுகை, எல்லாம் சத்தமில்லாமல் நடக்கும், அதைச் சுற்றி மட்டும் உலகத்துச் சத்தம் அத்தனையும். கரண்ட் போனால் நாற்பது தறியும் ஒரே அடியாக நிற்கும். பாதிப் பேச்சில் இருந்தவள் கத்தியது அப்படியே வெட்டவெளியில் தொங்கும், எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிப்பும் அடங்கினால் ஒரு அமைதி வரும். இதே அமைதி. சுவரில் ஸ்பாஞ்ச் இல்லை, பஞ்சுத் தூசிதான், மிதந்து மிதந்து இறங்கும், ஜன்னல் வெளிச்சத்தில் அது இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், வாயைத் திறந்தால் தூசி நாக்கில் உட்காரும். கரண்ட் வராமலே இருந்தால் தேவலை என்று தோன்றும். அப்புறம் அவள் படிக்கப் போனாள், இந்த வேலைக்கு வந்தாள், கொட்டகையை மறந்தாள். மறந்தாள் என்பது பொய், சொல்லவில்லை, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இங்கே ஒருத்தி, தறிக்காரங்க வந்தா கதவைத் திறந்து வைங்கம்மா, எண்ணெய் வாடை என்று மூக்கைச் சுளித்தாள், அன்றைக்கு மூடிய வாய். போன திங்கட்கிழமை ஆராய்ச்சிக்கு நிரப்பிய பாரத்தில் கேள்வி இருந்தது, இரைச்சலான இடத்தில் வேலை செய்ததுண்டா என்று. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டாள். முப்பது வருஷத்துக்கு முந்திய மூன்று வருஷம் ஒரு கணக்கா என்று நினைத்தாளா, ஒன்றும் நினைக்கவில்லையா, அவளுக்கே தெரியாது. கை டிக் போட்டது, பழகின கை.

அந்தக் கையின் கதை இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்குமுன் மெஷின் சரியாக இருக்கிறதா என்று ஒரு ஆள் மாட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும், அது வழக்கம், அந்த ஆள் எப்போதும் சம்பூர்ணம்தான். சிவப்பில் எல்லாச் சத்தமும் வருகிறதா, நீலத்தில் வருகிறதா, வந்தால் நோட்டில் டிக். ஹெட்ஃபோனுக்குக் காய்ச்சல் வந்தால் அது வாய் விட்டுச் சொல்லாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பாள். சம்பூர்ணத்தின் காதுதான் இந்தப் பிரிவுக்கே எடை நிறுக்கிற படிக்கல்லு என்று பழைய டாக்டர்கள் சொல்வார்கள், அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு, இல்லாமல் என்ன. மெஷினில் சத்தம் போகும்போது ஒரு சின்ன விளக்கு எரியும். ஐப்பசி மழையின்போது ஒரு காலை, நீலத்தில் நாலாயிரம் வைத்தாள், விளக்கு எரிந்தது, டிக் போட்டாள். போட்டபிறகுதான் கேட்டதா என்று தன்னையே கேட்டாள். விளக்கு எரிந்ததே, கேட்டிருக்கும். மறுநாளும் விளக்கு எரிந்தது. கண்ணால் பார்த்ததைக் காது கேட்டதாக மனசு எழுதிக்கொண்டது, இருபத்து நாலு வருஷம் விளக்கும் சத்தமும் ஜோடியாக வந்து பழகியதில் ஒன்று வந்தால் மற்றதும் வந்த மாதிரிதான். இது வேறு எந்தப் பேர்வழிக்கும் நடக்காது, காதளக்கிறவளுக்குத்தான் நடக்கும். கார்த்திகை, மார்கழி, தை, மாசி. நடுவே சில காலைகளில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தாளா என்றால், இல்லை, பார்க்கவில்லை, அதுதான் விஷயம், பார்க்கப் பயம். வீட்டில் இந்த மழைக்காலத்திலிருந்து அவளுக்கு அருமையான தூக்கம். வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் பால்காரன் மணி கேட்பதில்லை, காக்கை கேட்பதில்லை, செங்கோடன் குறட்டை கூட ஆற்றுக்கு அக்கரையில் யாரோ விடுகிற மாதிரி. கட்டிய புருஷன், நல்ல மனுஷன், அவரே ஒரு நாள் சொன்னார், கொஞ்ச நாளாக நீ எதற்கெடுத்தாலும் ம், ம் என்கிறாய், சண்டையே போடுவதில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று. அதற்கும் ம் என்றாள்.

இப்போது சத்தம் இடது காதுக்கு மாறிவிட்டது. நீலத்தின் வழியாக ஆயிரம் வந்தது, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, ஆனாலும் வந்தது. இரண்டாயிரம் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. அடுத்தது நாலாயிரம் என்று அவளுக்குத் தெரியும், அது இப்போது வந்துகொண்டிருக்கும் என்றும் தெரியும். காதுக்குள் எங்கேயோ ஒரு ஓசை மட்டும் ஓடியது, சத்தமென்று சொல்ல முடியாத ஓசை, வேலை முடிந்து கொட்டகையிலிருந்து பாலத்துக்குமேல் நடந்து வரும்போது கீழே காவிரியும் முதுகுக்குப் பின்னால் தறியும் ஒன்றாகக் கலந்து வருமே, அது. அதில் கொஞ்ச நேரம் போய்விட்டாள். தண்ணீரில் கால் வைத்த ஜில்லிப்பு வந்தது, தாவணி முந்தானையில் நூல் பிசிறு. திரும்பி வந்தபோது கண் எதிரே கடிகாரம், பத்து இருபது. அதன் கண்ணாடியில் ஏதோ அசைந்தது. அஸ்மாவின் தோள். வெளியே இருக்கிற ஜன்னல் முழுசும் அந்தக் கண்ணாடியில் சின்னதாக விழுந்திருந்தது. சத்தம் அனுப்ப ஒவ்வொரு முறையும் அஸ்மாவின் வலது தோள் ஒரு நூல் ஏறி இறங்குகிறது. இதை இந்த ஆறு வருஷத்தில் எந்த நோயாளியும் கண்டுபிடித்ததில்லை, சம்பூர்ணம் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். தோள் ஏறியது. கட்டைவிரல் பொத்தானுக்கு ஓடியது.

அமுக்கினால் முடிந்தது. தோள் ஏறும்போதெல்லாம் அமுக்கி, ஏணியின் கீழ்ப்படியில் இரண்டு முறை விட்டுவிட்டால் போதும், ஐம்பத்தொரு வயசுக்குத் தங்கமான காது என்று தாளில் எழுதிவிடுவார்கள், நாளைக் காலையிலும் அவளே நோட்டை எடுக்கலாம். அமுக்காவிட்டால்? அங்கேதான் மனசு முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றது, இழுத்தால் கிழியும். கேட்கவில்லை என்றால் ஒன்று அவள் காது போயிருக்க வேண்டும், இல்லை நீலம் போயிருக்க வேண்டும். நீலம் போயிருந்தால் அவள் காதுக்கு ஒன்றுமில்லை. ஐயோ, நீலமே போயிருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் மனசார வேண்டிக்கொண்டாள், வேண்டிய வேகத்தில் உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நீலம் போயிருந்தால் அந்த அறுபத்து மூன்று இடது காதும் பொய். தறியைத் தள்ளிப் போடச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிற எல்லாமும் ஒரு பழுதான ஹெட்ஃபோனைப் பற்றி எழுதியது ஆகிவிடும். அறிக்கை மாசக் கடைசியில் போகிறது. தறி முதலாளிகள் பக்கத்து ஆள் ஒருவர் ஏற்கெனவே வந்து, மெஷின்ல கோளாறு இருக்கப்போவுதுங்க டாக்டர் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆக, அவள் காது பிழைத்தால் ஆராய்ச்சி செத்தது, ஆராய்ச்சி பிழைத்தால் அவள் காது. நாச்சம்மாள் என்று ஒருத்தி வந்தாள், அறுபதுக்கு மேல் இருக்கும், பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள், "சத்தம் வரலீன்னா அமுக்காம இருந்தா உங்களுக்கு ஒண்ணும் கெட்ட பேரு வந்திராதுங்களே, அம்மணி?" தனக்கு இல்லை, இவளுக்குக் கெட்ட பேர் வந்துவிடுமோ என்று அவள் கவலை. வராதுங்க, நீங்க உள்ளது உள்ளபடி இருங்க என்று சம்பூர்ணம் சொன்னாள், அந்த அம்மாள் நாலாயிரம் முழுக்கச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள், ஒரு முறை கூட அமுக்கவில்லை. அதை இப்போது நினைத்ததும் சம்பூர்ணத்துக்கு வெட்கமாகப் போயிற்று. முகமெல்லாம் சுட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்குள் பஞ்சுத் தூசி இறங்கியது. அஸ்மா இப்போது ஏற்றிக்கொண்டிருப்பாள், முப்பது டெசிபல், நாற்பது, நாற்பத்தைந்து. ஏன் அமுக்கவில்லை இந்த அக்கா என்று நெற்றியைச் சுருக்கியிருப்பாள். விரல் துடித்தது, விரலுக்கு என்ன தெரியும், அதற்குத் தாளம்தான் தெரியும். பொத்தானை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எவ்வளவு நேரமோ. ரொம்பத் தூரத்தில், கொட்டகைக்கு வெளியே தெருவில் யாரோ விசிலடித்த மாதிரி, நாலாயிரம் வந்தது. மெதுவாகப் பொத்தானை எடுத்து அமுக்கினாள். எத்தனையில் கேட்டது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கதவு திறந்தது, ஆஸ்பத்திரி மொத்தமும் ஒரே அலையாக உள்ளே வந்தது. அஸ்மா முகம் வெளுத்து நின்றாள். அக்கா, ஹெட்ஃபோன் சரியா உக்காரலையோ, இன்னொருவாட்டி வெச்சுப் பாக்கலாமா என்று அவள் தடுமாறியதைச் சம்பூர்ணம் உதட்டில் பார்த்தாள். "மாத்திப் போடு அஸ்மா," என்றாள். "நீலத்தை வலது காதுல போடு. நாலாயிரம் மட்டும் வை." அஸ்மாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. வேலை தெரிந்தவள். நீலத்தை வலது காதுக்கு மாற்றினாள், அவள் விரல் ஜில்லென்றிருந்தது. கதவைச் சாத்தினாள்.

மறுபடி அந்த அமைதி. கரண்ட் போன கொட்டகை. இந்தமுறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கண்ணை இறுக்கிக்கொண்டாள். நல்ல காது, சந்தேகப்பட்ட நீலம். இப்போதும் ஒன்றும் வராவிட்டால் அவள் தப்பித்தாள், வீட்டுக்குப் போகலாம், அணில் கேட்கலாம், செங்கோடனோடு சண்டை போடலாம். வந்துவிட்டால். எது வேண்டும் உனக்கு என்று யாராவது கேட்டால் என்ன சொல்லியிருப்பாளோ. பழனியாண்டி தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குகிறார், நாச்சம்மாள் பொத்தானைப் பிடித்தபடி இருக்கிறாள், அவர்களுக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்கள், எல்லோருக்கும் இடது தோளில் பஞ்சு. அந்த வரிசையில் தாவணி போட்ட ஒரு பெண் அறுந்த இழைக்கு முடிபோடக் குனிந்திருந்தாள், இடது காதுக்கு ஒரு முழத்தில் நாடா அடித்துக்கொண்டிருந்தது. அட கழுதை, நிமிர்ந்து நில்லேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது வந்தது. ஊசி நுனி மாதிரி மெல்லிசாக, சுத்தமாக, நீலத்தின் வழியாக நாலாயிரம். அமுக்கினாள். அஸ்மா இன்னும் குறைத்தாள், கேட்டது, அமுக்கினாள். நீலத்துக்கு ஒன்றுமில்லை. அறுபத்து மூன்று காதும் உண்மை, அவளுடையதும் உண்மை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அதற்குள் சந்தோஷமும் இருந்தது, எது எவ்வளவு என்று அளக்க மெஷின் கிடையாது. அழுதுகொண்டே ஒரு சத்தம் விடாமல் அமுக்கினாள்.

அஸ்மா கதவைத் திறந்து வந்து பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். சம்பூர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹெட்ஃபோனைத் தானே கழற்றி அவள் மடியில் வைத்தாள்.

"என் பேரை அந்தப் பட்டியல்ல வைக்காதே. தறிக்காரங்க பட்டியலுக்கு மாத்து. மூணு வருஷம் தறி ஓட்டினவ நான், பாரத்துல இல்லைன்னு எழுதிட்டேன். காலை நோட்டுல ஐப்பசியிலேருந்து போட்ட டிக்கும் சரியில்லை, அதை டாக்டர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். நாளையிலேருந்து மெஷினை நீ கேளு."

அஸ்மா குனிந்து, ஒயரைச் சுருட்டிக்கொண்டே என்னவோ கேட்டாள். அவள் இடது பக்கம் இருந்தாள், முகம் தெரியவில்லை. ம் என்று சொல்ல உதடு கூடிவிட்டது. சம்பூர்ணம் அதை நிறுத்திக்கொண்டாள்.

"கேக்கலை அஸ்மா," என்றாள். "இந்தப் பக்கமா வந்து சொல்லு."